யாழினிக்கு எத்தனை எச்?

தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு மாதம் ஆகிறது. பெயர் யாழினி. தொட்டிலில் போட்ட அன்றே காதில் மூன்று முறை சொல்லி, வந்தவர்களுக்குச் சர்க்கரை கொடுத்து, விஷயம் முடிந்துவிட்டது. தமிழில் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அவளுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் வர வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ழ. "எல் போட்டா யாலினி ஆயிடும் மாமா. இசட் எச்தான் சரி" என்கிறார் மாப்பிள்ளை. நியாயம். "அழகப்பச் செட்டியார் எல் போட்டுக்கிட்டுத்தானே அத்தனை காலேஜ் கட்டினாரு? அவருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்கிறார் சம்பந்தி. அதுவும் நியாயம். என் தங்கைக்கு ழ பற்றிக் கவலையில்லை. 'யா' நெடிலாயிற்றே, இரண்டு ஏ இல்லாமல் குழந்தை எப்படி வளரும் என்பது அவள் கட்சி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பெயருக்கு இதுவரை பதினான்கு வடிவங்கள் வந்துவிட்டன. பதினைந்தாவதை எதிர்பார்த்து நான் குழுவை மௌனத்தில் போட்டிருக்கிறேன்.

தொடரும் முன் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். இது தமிழ்க் கட்டுரை. இதில் 'டி' என்று எழுதினால் ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தா இருபதாவது எழுத்தா என்று உங்களுக்குத் தெரியாது. 'பி'யும் அப்படியே, இரண்டாவதா பதினாறாவதா என்று கேட்கத்தான் வேண்டும். அடுத்தவர் எழுத்தைத் துல்லியமாக எழுத நம்மால் முடியவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு, நம் பெயரைக் கெடுத்த அந்நியர்களைத் திட்டப் போவோம்.

இந்தச் சண்டையைத் தொடங்கிவைத்தது எங்கள் குடும்பம் இல்லை. 1554இல் லிஸ்பன் நகரில் தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே ஒரு சின்ன ஞானோபதேசப் புத்தகம் அச்சானது. தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் என்ற பெருமை அதற்குத்தான். ஒரே ஒரு குறை, அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. முழுத் தமிழும் ரோமன் எழுத்தில், போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்போடு. இன்றைக்கு நம் பிள்ளைகள் 'சாப்டியா' என்று ஆங்கில எழுத்தில் தட்டுவதைப் பார்த்துத் தமிழ் அழிகிறது என்று கண்ணீர் விடுகிறோமே, தமிழின் அச்சு வாழ்க்கையே அந்தத் தட்டலில்தான் ஆரம்பித்தது. அதைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள் மூன்று பேர். பெயர்கள்: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ். ஊரில் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ! தமிழை ரோமன் எழுத்துக்குள் தள்ளுவதற்கு முன்னால் தங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கடல் தாண்டி வந்தவர்களுக்கு ழ ஒரு தீராத வியாதி. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு வைத்தியம் பார்த்தார்கள். சோழமண்டலத்தில் ழ 'ர' ஆகி, கோரமண்டல் கிடைத்தது. கோழிக்கோட்டில் 'ல' ஆகி, காலிகட் ஆனது. யாழ்ப்பாணத்தில் ழ கடலிலேயே விழுந்துவிட்டது. விழுந்த வேகத்தில் முன்னால் இருந்த 'ய'வும் 'ஜ' ஆகிவிட, ஜாஃப்னா மட்டும் கரை ஒதுங்கியது. இந்த 'ஜ'வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

சரி, நாம் மட்டும் என்ன யோக்கியம்? தொல்காப்பியர் அந்தக் காலத்திலேயே வாசலில் ஆள் போட்டிருந்தார். வடக்கிலிருந்து வரும் சொல், கோயிலுக்குள் போகிறவன் செருப்பை விடுவதுபோல், வட எழுத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரலாம் என்று விதி. கம்பர் அந்த விதியைக் கறாராக அமல் செய்தார். லட்சுமணன் இலக்குவனாகத்தான் நுழைந்தான். விபீஷணன் கட்சி மாறுவதற்கு முன்பே பெயர் மாறி வீடணன் ஆனான். கதாநாயகனுக்குக்கூடச் சலுகை கிடையாது. முன்னால் ஓர் 'இ' ஒட்டிக்கொண்டால்தான் ராமனுக்கே அனுமதி. அயோத்தியில் குழந்தைக்குப் பெயர் வைத்த வசிஷ்டர் இதைப் பார்த்திருந்தால், எந்த எழுத்துக்கூட்டலில் சாபம் விடுவது என்று குழம்பியிருப்பார்.

இந்த ஊரில் ஒரே பெயர் எத்தனை வேஷம் போடும் என்பதற்கு என் பிரியமான உதாரணம் நாசரேத்துத் தச்சர். கத்தோலிக்கர் வீட்டில் அவர் சூசை. போர்ச்சுகீசியரின் ஜொசே நம் வெயிலில் காய்ந்து கிடைத்த வடிவம். புராட்டஸ்டன்ட் வீட்டில் யோசேப்பு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஜோசப். கீழக்கரைப் பக்கம் போனால் அதே பெயர் யூசுப். நாலு பேரும் ஒரே தெருவில் இருந்து, தபால்காரர் 'சார், போஸ்ட்!' என்று பொதுவாகக் கத்தினால்தான் சௌகரியம். இது போதாதென்று இத்தாலியிலிருந்து பெஸ்கி பாதிரியார் வந்து சேர்ந்தார். தன்னையே வீரமாமுனிவர் ஆக்கிக்கொண்ட மனிதர், சூசையப்பரைச் சும்மா விடுவாரா? யோசேப்பு என்றால் எபிரேயத்தில் பெருகுதல், வளர்தல் என்று பொருள். ஆகவே 'தேம்பாவணி'யில் அவருக்கு வளன் என்று பெயர் சூட்டினார். ஓசையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பொருளை மட்டும் குடியேற்றிய பெயர் அது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட அழகான காரியத்தை யாரும் செய்ததில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. குறில் எகர ஒகரத்துக்கும் நெடிலுக்கும் சுவடியில் வித்தியாசம் தெரியாமல் கிடந்ததைப் பார்த்து, நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துவிட்டவர் அவர்தான். யோசேப்பு என்ற பெயரில் இப்படி இரண்டு நெடில் இருக்கின்றன. இரண்டையும் சந்தேகமில்லாமல் எழுத வழி செய்து கொடுத்துவிட்டு, அந்தப் பெயரை விட்டு வளனுக்குப் போய்விட்டார்.

பெஸ்கி படித்தவர், நிதானமாக யோசித்தார். கப்பல் குமாஸ்தாவுக்கு அந்த நேரம் ஏது?

1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. உள்ளே கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் 342 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு பெயர். எண்ணைக் குமாஸ்தா சரியாக எழுதிவிடுவார். பெயர் காதில் விழுந்தபடி. படையாச்சிக்குக் கடைசியில் இரண்டு இ. நாயுடுவுக்கு இரண்டு ஓ. முதலிக்கு நடுவில் இரண்டு ஓ போட்டுக் கடைசியில் ஓர் ஒய். பிள்ளைக்கும் ஒய். இன்றும் தென்னாப்பிரிக்கத் தொலைபேசிப் புத்தகத்தில் இவர்கள் அப்படியே இருக்கிறார்கள். சரோஜினி நாயுடுவுக்கு ஒரே ஒரு யூ; டர்பன் நாயுடுவுக்கு இரண்டு ஓ. சொந்தம் விட்டுப் போகவில்லை, நடுவில் ஒரு வெள்ளைக்காரர் புகுந்துவிட்டார், அவ்வளவுதான்.

அவர் பெயர் வில்லியம் வில்சன் ஹன்டர். அதுவரை இங்கிலீஷ்காரர்கள் இந்தியப் பெயரைக் கடையில் அளக்காமல் கொட்டுகிற பொரிபோல எழுதிவந்தார்கள். உகரத்துக்கு இரண்டு ஓ, ஈகாரத்துக்கு இரண்டு இ, ஆகாரத்துக்கு ஏ போட்டுப் பக்கத்தில் ஒரு டபிள்யூ. ராமசாமி என்று நீங்கள் சொன்னால் 'ராமசாவ்மி' என்று எழுதிக்கொண்டு, செத்தவீட்டு ஞாபகத்தோடு உங்களைப் பார்ப்பார்கள். கான்பூரும் இப்படித்தான் ஒரு டபிள்யூவைத் தூக்கிச் சுமந்தது. ஹன்டர் 1871இல் இந்தியப் பெயர்களை எழுதுவதற்கு ஒரு வழிகாட்டி போட்டார். இனி உகரத்துக்கு ஒரு யூ, ஈகாரத்துக்கு ஓர் ஐ, சிக்கனம். அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. ஊரில் இருந்தவர்களின் பெயர்கள் மெல்ல மெல்ல இளைத்தன. ஏற்கெனவே கப்பல் ஏறியவர்களிடம் யார் போய்ச் சொல்வது? அவர்கள் பழைய இரண்டு ஓவோடும் டபிள்யூவோடும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆக ஒரு ராமசாமியின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தே தாத்தா எந்தக் காலத்தில் கப்பலேறினார் என்று ஓரளவு ஜோசியம் சொல்லலாம். பாறையில் மீன் எலும்பு பதிந்திருப்பதுபோலப் பெயருக்குள் ஒரு குமாஸ்தா பதிந்திருக்கிறார்.

இந்தக் குமாஸ்தாக்களைப் பற்றி எனக்கு முன்பு கோபம் இருந்தது. லட்சுமி விஷயத்தில் மாறிவிட்டேன். எங்கள் அம்மா பெயர் லட்சுமி. வங்கிப் புத்தகத்தில் கே-எஸ்-எச் போட்ட லக்ஷ்மி. வாக்காளர் அட்டையில் வடக்கத்திப் பாணியில் நடுவில் ஓர் எக்ஸ். இரண்டுமே அம்மா வாயிலிருந்து வந்தவை இல்லை. அம்மா தன் பெயரை 'லெச்சுமி' என்றுதான் சொல்வாள். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. மலேசியாவில் இந்தப் பெயரை எப்படி எழுதுகிறார்கள்? எல், இ, இருபதாவது டி, சி, எச், யூ, எம், ஐ. லெச்சுமி! ரப்பர் தோட்டத்துக்கு ஆள் எடுத்தபோது மேஜையில் இருந்தவருக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, தமிழும் தெரியாது. காது மட்டும் இருந்தது. அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார். படித்த நாம்தான் கே-எஸ்-எச் என்று எழுதிவிட்டு லெச்சுமி என்று கூப்பிடுகிறோம். இனிமேல் மலேசியத் தமிழரைப் பார்த்து 'என்னங்க ஸ்பெல்லிங் தப்பா இருக்கு' என்று சிரிக்கும் சென்னைக்காரர்கள் முதலில் தங்கள் பாட்டியிடம் பேசிப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் கதை தனி. அவர்கள் மொழியில் யூ என்ற எழுத்தை உதட்டைக் குவித்து விசிலடிப்பதுபோல் சொல்வார்கள். நம் உகரம் வேண்டுமென்றால் ஓவும் யூவும் சேர்ந்து வர வேண்டும். விளைவு, புதுச்சேரியில் முத்து எழுத்தில் பெருத்துப்போனது. ஆறுமுகம், சுப்பு, வேலு என்று உகரம் கண்ட இடமெல்லாம் ஓ-யூ ஜோடியாக வந்து உட்கார்ந்தது. 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஓரேலி என்ற கப்பல் குவாதலூப் தீவில் ஆள் இறக்கியபோது, இந்த ஓ-யூவும் கூடவே இறங்கியது. முத்துசாமிகள் அங்கே இன்றும் அதே ஓ-யூவோடு இருக்கிறார்கள். சிதம்பரம் என்ற பெயர் அங்கே வால் மாறி 'சிதம்பரோம்' ஆகியது. அந்தப் பெயரோடு 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரோம், கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இல் வழக்கில் இறங்கி, 1923 வரை விடாமல் போராடி வாங்கினார். எழுத்துக்கூட்டலைத் திருத்தச் சொல்லி அவர் ஒரு மனுவும் போட்டதாகத் தெரியவில்லை. வேறு வேலை இருந்தது.

புதுச்சேரியிலேயே இன்னொருவர் நேர் எதிர். பொன்னுத்தம்பிப் பிள்ளை, வக்கீல். 1873இல் ஐரோப்பியர் மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போய்விட்டார். இந்தியன் பூட்ஸோடு வருவதா என்று நீதிபதி அபராதம் போட, இவர் பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்தார். தொல்காப்பியர் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார் அல்லவா, இவர் கழற்ற மாட்டேன் என்று ஆரம்பித்த பரம்பரை. பிறகு 1881இல் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. சாதி வழக்கத்தையும் சொந்தச் சட்டத்தையும் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் வரலாம், ஆனால் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி முன்வரிசையில் போய் நின்று 'லாப்போர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். பூட்ஸோடு நுழைந்தவர் கடைசியில் கதவாகவே ஆகிவிட்டார்.

மெட்ராஸில் இவ்வளவு சாகசம் கிடையாது. அங்கே ஐயங்கார் என்ற ஒரு பட்டத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுவதே பெரும் புரட்சி. காங்கிரஸ் தலைவர் சீனிவாச ஐயங்கார் ஐ-ஒய்யில் ஆரம்பித்தார். வரலாற்றாசிரியர் கிருஷ்ணசாமி ஐயங்கார் ஏ-ஐயில். அரசியல் சாசன வரைவுக் குழுவில் உட்கார்ந்த கோபாலசாமி ஐயங்காருக்கு ஏ போட்டு இரண்டு ஒய். வடகலை தென்கலை மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது தகவல்.

ஹன்டர் ஒரு கோளாறு செய்துவிட்டுப் போனார். தகரத்தையும் டகரத்தையும் அந்த இருபதாவது டிக்குள்ளேயே ஒன்றாகப் படுக்க வைத்துவிட்டார். வடக்கே அதைப் பொறுத்துக்கொண்டார்கள். நமக்கு முடியவில்லை. பெண்ணுக்கு லதா என்று பெயர் வைத்து, வெறும் டியோடு எழுதினால் 'லட்டா' என்று படிக்கிறான். அடுத்தது 'லட்டு' என்பான். ஆகவே டிக்குப் பக்கத்தில் துணைக்கு ஓர் எச்சை அனுப்பினோம். லதா, கீதா, சவிதா எல்லோரும் எச்சோடு பத்திரமாக வெளியே போய்வந்தார்கள். ரயில் டெல்லிக்குப் போய்ச் சேரும்வரைதான். அங்கே எச் என்றால் அடிவயிற்றிலிருந்து மூச்சு விட்டுச் சொல்லும் வேறொரு எழுத்து. லதா அங்கே 'லத்ஹா' என்று இருமலோடு கூப்பிடப்பட்டாள். பாட்டுப் பாடிய லதா மங்கேஷ்கருக்கு எச் இல்லை. எதிர்வீட்டு லதாவுக்கு உண்டு. எச்சைப் பார்த்தே விந்தியத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

இதற்குள் இங்கே இன்னொரு கூட்டம் பேனாவைத் தானே பிடுங்கிக்கொண்டது. 1916இல் வேதாசலம் என்பவர் வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலை அடிகள் ஆனார். பெஸ்கியின் வேலைதான், உள்ளூர்க் கைவண்ணம். பின்னால் வந்தவர்கள் இந்த மொழிபெயர்க்கும் சிரமத்தைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். சாரங்கபாணி வீரமணி ஆனார். இப்படித் தேடித் தேடி ழகரம் உள்ள பெயராகப் பொறுக்கிக்கொண்டு சிலர் பாராளுமன்றத்துக்கும் போனார்கள். டெல்லித் தொலைக்காட்சியில் கனிமொழி 'கனிமோஸி' ஆகும் ஒவ்வொரு முறையும் லிஸ்பன் புத்தகத்தின் அந்த மூன்று பேர் கல்லறையில் திரும்பிப் படுக்கிறார்கள். அதே இயக்கத்தில்தான், 1953 மார்ச்சில் பிறந்த பிள்ளைக்கு, அந்த வாரம் மாஸ்கோவில் செத்துப்போன ஒரு ஜார்ஜியரின் புனைபெயரை வைத்தார்கள் என்பது தனி அத்தியாயம். அந்த ஸ்டாலினுக்கும் அது பெற்றோர் வைத்த பெயர் இல்லை.

கடைசியாகப் பேனா வந்து சேர்ந்த இடம் ஓர் அயர்லாந்துக்காரரின் கை. 1866இல் வில்லியம் ஜான் வார்னர் என்ற பெயரில் பிறந்தவர். அது போதவில்லை என்று கவுன்ட் லூயி ஹமோன் ஆனார். அதுவும் போதாமல் கீரோ ஆனார். கைரேகை பார்த்து, எண்கணிதம் எழுதி, 1936இல் ஹாலிவுட்டில் கண்ணை மூடினார். பாபிலோன் பக்கத்துக் கல்தேயர்களின் ரகசியம் என்று சொல்லி அவர் ஆங்கில எழுத்துகளுக்கு எண் போட்டார். ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் ஐந்துக்கும் 1. சி, எல் வகையறாவுக்கு 3. இ, எச், என், எக்ஸுக்கு 5. ஓவுக்கும் இசட்டுக்கும் 7. ஒன்பது புனிதமானதாம், அதை எந்த எழுத்துக்கும் தரவில்லை. அயர்லாந்துக்காரர் சொன்ன பாபிலோன் கணக்கை இங்கிலீஷ் எழுத்தில் போட்டுத் தமிழ்க் குழந்தையின் தலையெழுத்தைப் பார்க்கிறோம். யாதும் ஊரே.

2001இல் ஜெயலலிதா தன் பெயரின் கடைசியில் ஓர் ஏ சேர்த்துக்கொண்டது ஊருக்கே தெரியும். ஒரு காகிதத்தை எடுத்து நானும் கூட்டிப் பார்த்தேன். பழைய பெயர் 22 வருகிறது. கீரோ கணக்கில் அது, பிறர் மடமையால் கண் மறைக்கப்பட்ட நல்லவரின் எண். ஓர் ஏ சேர்த்தால் 23: சிங்கத்தின் ராஜ நட்சத்திரம். அந்த நட்சத்திரம் 2001 மே மாதம் அவரை முதல்வராக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இறக்கிவிட்டது. 2004இல் தமிழ்நாட்டின் 39 தொகுதியில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. 2014இல் அதே 39இல் 37ஐக் கொடுத்தது. எண்கணிதக்காரர்கள் கடைசி வரியை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சந்தேகத்தில் கீரோ என்ற பெயரையே கூட்டிப் பார்த்தேன். சி 3, எச் 5, இ 5, ஐ 1, ஆர் 2, ஓ 7. மொத்தம் 23. பாபிலோன் சிங்கத்தை மனிதர் முதலில் தன் வீட்டில்தான் கட்டிப்போட்டிருக்கிறார்.

இந்த வித்தையை வைத்தாவது வீட்டுச் சண்டையை முடிக்கலாம் என்று எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். சம்பந்தியின் எல் போட்ட பெயர் 12. கீரோ அதைப் பலியாளின் எண் என்கிறார். தங்கையின் இரண்டு ஏ, இசட், எச் வடிவம் 22, கண் மறைக்கப்பட்டவர். மாப்பிள்ளை சொன்ன சாதாரண இசட்-எச் வடிவம் 21, ஞானியரின் மகுடம். மாப்பிள்ளை முகத்தில் மகுடம் தெரிந்தது. சான்றிதழில் பெயர் சேர்க்கப் பன்னிரண்டு மாதம்தான் கெடு, நாளைக்கே போய் எழுதிவிட்டு வாருங்கள் என்றேன்.

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பன்னெண்டு மாசம் சும்மா எழுதறதுக்குங்க. தாமதக் கட்டணம் கட்டினா பதினஞ்சு வருஷம் வரைக்கும் சேத்துக்கலாம்னு விதி இருக்கு, விசாரிச்சுட்டேன். அவசரமே இல்ல. அப்புறம், இந்தக் கணக்குல ஒய்யும் ஒண்ணு, ஜேயும் ஒண்ணுன்னுதானே சொன்னீங்க? ஜே போட்டாலும் இருபத்தொண்ணுதான் வருது. யாழ்ப்பாணத்துக்கே ஜேதான் போடறான். நாம ஏன் ஜேயிலேருந்து ஆரம்பிக்கக் கூடாது?"